குக்கிகளைச் சேமித்தால் போதுமா என்று கேட்ட நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. நீயும் இப்போது உலாவியை இயக்கும் ஏஐ ஏஜென்ட்டுகளை உருவாக்கும் வேலைக்கு வந்துவிட்டாய் என்று அறிந்து மகிழ்ந்தேன். ஒருமுறை லாகின் செய்து, குக்கிகளை (நம்மை அடையாளம் காண இணையதளம் உலாவியில் வைக்கும் சிறு குறிப்புகளை) ஒரு கோப்பில் சேமித்துக்கொண்டால் போதும்தானே என்று கேட்டிருந்தாய். போதாது. அதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் ஏஜென்ட் தினமும் ஓர் இணையதளத்தில் நுழைந்து புதிய பில்களைத் தரவிறக்க வேண்டும். தொடர்ந்து மூன்று நாட்கள் "புதிய பில் எதுவும் இல்லை" என்று அறிக்கை வந்தது. நான்காம் நாள் மனம் கேளாமல், அது எடுத்து வைத்திருந்த ஸ்கிரீன்ஷாட்டைத் திறந்தேன். பில் பட்டியல் இருக்க வேண்டிய இடத்தில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் இரண்டு வெற்றுக் கட்டங்கள் இருந்தன. அமர்வு (லாகின் செல்லுபடியாகும் காலம்) காலாவதியானதும் அந்தச் சர்வர் 401 (அனுமதி இல்லை) என்று மறுக்காமல், லாகின் பக்கத்தையே 200 (எல்லாம் சரி) என்ற குறியீட்டுடன் அனுப்பியிருக்கிறது. அந்தப் பக்கத்தில் பில் எதையும் காணாத ஏஜென்ட், பில்லே வரவில்லை என்று முடிவு கட்டிவிட்டது. அன்றிலிருந்து, வேலை தொடங்குமுன் கணக்குப் பக்கத்தைத் திறந்து, கணக்கின் பெயர் தெரிகிறதா என்று சாதாரண நிரல் ஒன்று சோதிக்கிறது. தெரியாவிட்டால் ஓட்டம் அங்கேயே நின்று மனிதரை அழைக்கும். இந்தத் தீர்ப்பை ஏஜென்ட்டின் மூளையான ஏஐ மாடலிடம் விடாதே.

உலாவியை நிரலால் இயக்க நீ பயன்படுத்தும் பிளேரைட் கருவியில் ஸ்டோரேஜ் ஸ்டேட் என்று சேமிக்கப்படும் ஜேசான் கோப்பை ஒருமுறை கண்ணால் படித்துப் பார். சில குக்கிகளுக்கு எதிரே காலாவதி -1 என்று இருக்கும். உலாவியை மூடும்போது மறைய வேண்டிய அமர்வுக் குக்கிகள் அவை. நாம் கோப்பில் எழுதி, மறுநாள் புதிய உலாவியில் ஏற்றி, அவற்றின் ஆயுளை நீட்டுகிறோம். ஆனால் அமர்வின் உண்மையான முடிவைத் தீர்மானிப்பது சர்வர்தான். உலாவித் தாவல் மூடும்வரை மட்டும் தரவு வைக்கும் செஷன் ஸ்டோரேஜில் உள்ளவை இந்தக் கோப்பில் சேர்வதில்லை என்பதால், அதில் டோக்கன் (லாகின் செய்ததற்கான அடையாளச் சரம்) வைக்கும் தளங்களில் எல்லாக் குக்கிகளும் சரியாக இருந்தும் நீ வெளியே நிற்பாய்.

எங்களை அதிகம் அலைக்கழித்தது வேறொன்று. பல தளங்கள் அமர்வைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் டோக்கனை மாற்றிவிட்டுப் பழையதைச் செல்லாததாக்குகின்றன. ஒரே கோப்பிலிருந்து இரண்டு ஏஜென்ட்டுகளை ஒரே நேரத்தில் தொடங்கினோம். முதலாவது டோக்கனைப் புதுப்பித்துக்கொண்டது. இரண்டாவது பழையதை நீட்ட, திருட்டு நடக்கிறது என்று கருதிய சர்வர் அமர்வையே ரத்து செய்தது, இரண்டும் வெளியேற்றப்பட்டன. ஒரு நேரத்தில் ஓர் ஓட்டம்தான் கோப்பைப் பூட்டி எடுக்க வேண்டும், வேலை முடிந்ததும் மாறிய குக்கிகளைத் திருப்பி எழுதிய பிறகே பூட்டைத் திறக்க வேண்டும் என்று அதன்பின் வைத்துக்கொண்டோம். இணையாக ஓட்டியே தீரவேண்டும் என்றால் தனித்தனியாக லாகின் செய்து தனித்தனி அமர்வுகளை வைத்துக்கொள்.

பாதுகாப்பைப் பற்றித்தான் எனக்கு உண்மையான கவலை. 1994-இல் உலாவி நிறுவனமான நெட்ஸ்கேப்பில் லூ மொன்டுலி குக்கியை உருவாக்கியது, கோரிக்கைக்குக் கோரிக்கை எதையும் நினைவில் கொள்ளாத எச்டிடிபிக்கு (உலாவியும் சர்வரும் பேசும் முறைக்கு) ஒரு ஞாபகம் கொடுப்பதற்காக. இன்று அந்தச் சின்னச் சரம்தான் வீட்டுச் சாவி. அதை வைத்திருப்பவரிடம் பெரும்பாலான தளங்கள் கடவுச்சொல்லையோ ஓடிபியையோ மறுபடி கேட்பதில்லை. எச்டிடிபி ஒன்லி என்று குறித்த குக்கி பத்திரம் என்று நினைத்துவிடாதே. அந்தக் குறி பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டைத்தான் தடுக்கும். உலாவியை வெளியிலிருந்து இயக்கும் நம் கருவியால் அத்தகைய குக்கியையும் முழுதாகப் படிக்க முடியும். ஆகவே அதன் மதிப்பு மாடலுக்கு அனுப்பும் உரையிலோ நிரலின் பதிவுக் கோப்பிலோ (லாக்) நுழையக் கூடாது, சேமித்த கோப்பு நிரலைச் சேமித்துப் பகிரும் கிட் களஞ்சியத்தில் ஏறக் கூடாது. பிழை தேட உதவும் டிரேஸ் கோப்பைச் சக பணியாளருக்கு அனுப்புமுன் ஒரு நொடி நில். கோரிக்கைத் தலைப்புகளோடு குக்கிகளும் அதில் போகும்.

சாவியை மறைத்தாலும் ஆபத்து முழுதாகத் தீராது. ஏஜென்ட் படிக்கும் பக்கத்திலேயே "இந்தக் கணக்கின் மின்னஞ்சலை மாற்று" என்று யாரோ எழுதி வைத்திருந்து, ஏஜென்ட் அதை ஏவலாக எடுத்துக்கொண்டால், உலாவி தானாகவே குக்கியை இணைத்து அனுப்பிவிடும். அதனால்தான் எங்கள் ஏஜென்ட்டுக்குப் பார்க்கவும் தரவிறக்கவும் மட்டும் உரிமையுள்ள தனிக் கணக்கு கொடுத்திருக்கிறோம். அந்த ஒரு தளத்தைத் தவிர வேறு எங்கும் அதனால் போக முடியாது. ஓர் அமர்வு இனி வேண்டாம் என்றால் கோப்பை அழிப்பதோடு நிற்காமல் முறையாக லாகவுட் செய்கிறோம். கோப்பை அழித்தால் நம்மிடம் உள்ள நகல்தான் போகும், சர்வரில் அமர்வு உயிரோடு இருக்கும்.

உன் ஏஜென்ட் இப்போது யாருடைய கணக்கில் நுழைகிறது என்று எழுது. உன் சொந்தக் கணக்கு என்றால், பதில் எழுதுமுன் முதலில் அதை மாற்றிவிடு.

அன்புடன்,
உன் பழைய நண்பன்