கிளியேர் நூலுக்குக் கைகொடுத்த அனைவருக்கும் நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில், கிளியேர் பீடபூமியில் 1944இல் ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்து நின்று போராடிய இளைஞர்களைப் பற்றித் தமிழில் ஒரு சிறுநூல் கொண்டுவரப் போகிறேன் என்று சொன்னபோது, ‘இதை யார் படிப்பார்கள்?’ என்று உங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. ‘என்ன வேண்டும், சொல்லுங்கள்’ என்றுதான் கேட்டீர்கள். நூல் அச்சாகி வந்துவிட்டது. பலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், பெயர் குறிப்பிடாமலே நன்றி சொல்கிறேன்.

முதல் நன்றி, தோன் ஊருக்கு அருகே மொரெத் கல்லறைத் தோட்டத்தை எனக்குச் சுற்றிக்காட்டிய வழிகாட்டி அம்மையாருக்கு. அங்கே 105 கல்லறைகள் இருக்கின்றன. ஒவ்வொரு வரிசையிலும் நின்று, அவசரப்படாமல் பேசினார். லெப்டினன்ட் தொம் மொரெல் அங்கேதான் இருக்கிறார். அன்சி நகரின் மலைப்படைப் பிரிவில் அதிகாரியாக இருந்தவர். 1944 ஜனவரி 31 அன்று கிளியேர் முகாமின் தலைமையை ஏற்றபோது அவரோடு சுமார் 120 பேர். அவர்களில் பலர், ஜெர்மனிக்குக் கட்டாய வேலைக்குப் போக மறுத்துக் காட்டுக்குள் ஓடிவந்த கிராமத்துப் பையன்கள். இப்படி மலைகளில் ஒளிந்து போராடிய குழுக்களைத்தான் ‘மக்கி’ என்பார்கள். ‘சுதந்திரமாக வாழ்வோம், இல்லையேல் சாவோம்’ என்பது கிளியேர் ஆட்களின் முழக்கம்.

மொரெல் இறந்த விதத்தை அம்மையார் சொன்னபோது என்னால் உடனே எதுவும் பேச முடியவில்லை. ஜெர்மனியோடு ஒத்துழைத்த பிரெஞ்சு அரசான விஷி அரசின் காவல் படையினர் மக்கியைச் சேர்ந்த ஒரு மருத்துவ மாணவரைப் பிடித்து வைத்திருந்தார்கள். விட்டுவிடுவோம் என்று வாக்குக் கொடுத்தும் விடவில்லை. அதனால் மார்ச் 9 இரவு மொரெல் ஆட்களோடு ஆந்த்ரமோன் கிராமத்துக்கு இறங்கிப் போய், அங்கிருந்த காவல் பிரிவைச் சுற்றி வளைத்தார். சரணடைந்த நிலையில் இருந்த அதன் தளபதி, மறைத்து வைத்திருந்த கைத்துப்பாக்கியால் அவரைச் சுட்டுவிட்டார். சுட்டது பிரெஞ்சுக்காரர், செத்ததும் பிரெஞ்சுக்காரர். மொரெலுக்கு அப்போது 28 வயது. இந்தப் பகுதியை நூலில் சுருக்க வேண்டாம், முழுதாக எழுதுங்கள் என்று அம்மையார் கேட்டுக்கொண்டார். அப்படியே செய்திருக்கிறேன்.

அடுத்து, தோரான் பக்கத்திலிருந்து தன் வண்டியில் என்னைப் பீடபூமிக்கு அழைத்துப்போன விவசாயிக்கு. அந்த இடம் சுமார் 1,450 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோடையில் மாடு மேய்க்க வருபவர்கள் தங்கும் மரவீடுகள் குளிர்காலத்தில் காலியாகக் கிடக்கும். மக்கி ஆட்கள் அவற்றில்தான் பனிக்கு நடுவே தங்கினார்கள். பிரிட்டனிலிருந்து வந்த விமானங்கள் பாராசூட்டில் ஆயுதம் போட இந்த வெட்டவெளி வசதியாக இருந்தது. பிப்ரவரியில் ஒரு முறை, மார்ச்சில் இரண்டு முறை ஆயுதம் விழுந்தது. மார்ச் 10 இரவில் மட்டும் ஏறத்தாழ 580 உருளைப் பெட்டிகள். கனரக ஆயுதம் எதுவும் அவற்றில் இல்லை. தங்கள் தலைவன் செத்த மறுநாள் இரவு, ஆழ்பனியில் அந்தப் பெட்டிகளைத் தேடி இழுத்துச் சேர்த்திருக்கிறார்கள். கால் புதையும் அந்தச் சரிவில் கொஞ்ச தூரம் நடந்து பார்த்த பிறகுதான், ‘இழுத்துச் சேர்த்தார்கள்’ என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அந்த அத்தியாயம் நீண்டதற்குக் காரணம் இந்த விவசாயிதான்.

ஸ்பானிய மொழி தெரிந்த நண்பருக்குத் தனி நன்றி. கிளியேரில் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஸ்பானியக் குடியரசுப் போராளிகள் இருந்தார்கள். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் சர்வாதிகாரி பிராங்கோவிடம் நாட்டை இழந்து வந்தவர்கள். தங்கள் பிரிவுக்கு ‘எப்ரோ’ என்று பெயர் வைத்தார்கள், 1938இல் பெரும் போர் நடந்த அந்த ஆற்றின் நினைவாக. இவர்களைப் பற்றிய பக்கங்கள் இல்லாவிட்டால் நூல் பாதிதான்.

அப்புறம், கையெழுத்துப் பிரதியை வரிவரியாகப் படித்த வரலாற்று ஆசிரியருக்கு. ஜெர்மானியர்கள் பீடபூமியைத் தாக்கிய மார்ச் 26 பற்றி அவர் மிகக் கண்டிப்பாக இருந்தார். ஜெர்மானியர்கள் ஆயிரக்கணக்கில், பீரங்கியோடும் விமானத்தோடும் மலையைச் சுற்றி நின்றார்கள். விஷியின் துணை ராணுவமான ‘மிலீஸ்’ படையும் கூட நின்றது. எதிரே 460 பேர் அளவில். ஆனால் அன்றைய நேரடி மோதல் சில இடங்களில், சில மணி நேரம்தான் நடந்தது. மொரெலுக்குப் பின் தலைமை ஏற்ற கேப்டன் ஆன்ஜோ, இரவு பத்து மணிவாக்கில் கலைந்து போகச் சொன்னார். மறுநாள் அவரே நாவ் கிராமத்தருகே கொல்லப்பட்டார். இறந்தவர்களில் பெரும்பாலோர் இப்படி இறங்கிப் போகும் வழியிலும், பிடிபட்டு சித்திரவதைப்பட்டும் இறந்தவர்கள். நூற்றுக்கணக்கில் எதிரிகளைக் கொன்றார்கள் என்று அந்த நாளில் பரவிய கதைகளை நூலில் சேர்க்கக் கூடாது என்றார் ஆசிரியர். அவர்கள் வீரத்துக்கு அந்தக் கணக்கு தேவையே இல்லை என்பதுதான் என் எண்ணமும்.

நேரில் நன்றி சொல்ல முடியாதவர்களும் இருக்கிறார்கள். சுற்றுக் கிராமங்களில் ரொட்டி கொடுத்தவர்கள், செய்தி கொண்டுபோனவர்கள், மார்ச் 26க்குப் பிறகு வைக்கோல் பரணில் ஆளை ஒளித்தவர்கள். பிடிபட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தே செய்தார்கள். தப்பியவர்கள் பலர் அவர்களால்தான் தப்பினார்கள். ஆகஸ்ட் 1 அன்று அதே கிளியேரில் பட்டப்பகலில் மறுபடி ஆயுதம் விழுந்தபோது, அதை வாங்க ஆள் இருந்தது. ஆகஸ்ட் 19 அன்று அன்சி விடுதலை ஆனது, நேச நாட்டுப் படைகள் வந்து சேருமுன்பே. நூலை அந்தக் கிராமத்தவர்களுக்குக் காணிக்கையாக்கியிருக்கிறோம்.

வரைபடம் போட்டுத் தந்த தம்பிக்கும், பிழை திருத்திய அக்காவுக்கும், அச்சுச் செலவைப் பகிர்ந்துகொண்ட எல்லோருக்கும் என் நன்றி. உங்கள் பிரதிகள் தபாலில் கிளம்பிவிட்டன. மாத இறுதிக்குள் கைக்கு வராவிட்டால் ஒரு வரி எழுதுங்கள், மறுபடி அனுப்புகிறேன்.

மிகுந்த நன்றியுடனும் அன்புடனும்,
உங்கள் நண்பன்