படுத்துக் கிடப்பவருக்கான கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெண்கள் தங்கள் கலோரித் தேவையைத் தாங்களே கணக்குப் போட்டுக்கொள்ள ஞாயிறு இணைப்பில் ஒரு சூத்திரம் வந்திருந்தது. என் பேத்தி அதை வெட்டி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டாள். வயது 20, உயரம் 152 செ.மீ., எடை 58 கிலோ. விடை, ஒரு நாளைக்கு 1397 கலோரி. மறுநாளே வீட்டுக்கு ஒரு தராசு வந்தது. இட்லியை ஒவ்வொன்றாக நிறுத்துச் சாப்பிட்டாள். சாம்பாரில் எண்ணெய் மிதக்கிறதா என்று கரண்டியைச் சாய்த்துப் பார்ப்பாள். ஜிம்மில் யாரோ, "இளைக்க வேண்டுமென்றால் அதிலும் 500 கழி" என்றாராம். மிச்சம் 897! மூன்றாம் வாரம், பால் சொசைட்டி வாசலில் கேனோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கண் இருட்டிவிட்டதாம்.

நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் மீடியத்தில் முப்பது வருடம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள். சூத்திரத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது. போட்டுப் பார்த்தேன், கூட்டல் பெருக்கலில் பிழையில்லை. ஆனால் அந்த 1397, இரவு உண்டபின் வேறெதுவும் சாப்பிடாமல், காலையில் அசையாமல் படுத்திருக்கும் உடம்புக்கு. இதயம், ஈரல், மூளை எல்லாம் ஓடுவதற்கான செலவு மட்டும்தான் அது. எழுந்து நடமாடுகிறவர்களுக்கு அதைச் சுமார் ஒன்றரையால் பெருக்க வேண்டும். அந்த வரியைத்தான் காணோம்.

இன்னொன்று. அது ஹாரிஸ், பெனடிக்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1919-இல் அமெரிக்காவில் வெளியிட்ட சூத்திரம். அளந்தது 103 பெண்களை. நம்மவர்களுக்கு அது பெரும்பாலும் கூடுதலாகக் காட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரத்தில் 5 சதவீதம் குறைத்து இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒன்று தந்திருக்கிறது. 18 முதல் 30 வயதுப் பெண்களுக்கு, எடையை 14-ஆல் பெருக்கி 471 கூட்ட வேண்டும், அவ்வளவுதான். பேத்திக்கு 1283 வருகிறது. இதுவும் உத்தேசம்தான். ஒரே எடையுள்ள இரண்டு பெண்களுக்குச் சதை, கொழுப்பு அளவைப் பொறுத்து மாறும். சரியாகத் தெரிய வேண்டுமானால் மூச்சில் செலவாகும் ஆக்சிஜனை அளக்க வேண்டும்.

சரி, 1283-ஐ ஒன்றரையால் பெருக்கினால் 1925 பக்கம் வரும். விடியுமுன் கறந்த பாலைத் தூக்கிக்கொண்டு போய் ஊற்றிவிட்டு, அப்புறம் பாலக்காடு பஸ்ஸில் நின்றுகொண்டே கல்லூரி போகிறவளுக்கு அதற்குக் கீழே எப்படிப் போதும்? இளைக்க வேண்டுமென்றால் அதிலிருந்து கொஞ்சமாகக் குறைக்கட்டும். நான் தடுக்கவில்லை.

அடுத்த முறை இதைப் போடும்போது 'அசையாமல் படுத்திருக்கும்போது' என்பதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள். தராசை மருமகள் முறுக்கு மாவு நிறுக்க எடுத்துக்கொண்டாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்