விருது அந்த ஒரு பருவத்துக்குத்தான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலில், வருடத்தின் சிறந்த வீரருக்குத் தரும் கோல்டன் ஸ்பைக்ஸ் விருதை வாங்கியவர்களைப் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் இந்த ஆட்டத்தைப் பற்றி யாராவது எழுதினாலே எனக்குச் சந்தோஷம். ஆனால் கட்டுரை முழுக்க ஒரே கேள்விதான்: இவர்களில் யார் பிறகு மேஜர் லீகில், அதாவது உச்சகட்டத் தொழில்முறை ஆட்டத்தில், ஜொலித்தார், யார் காணாமல் போனார். ஜொலிக்காதவர்களுக்கு விருது கொடுத்ததே தவறு என்கிற மாதிரி முடித்திருந்தார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை.

1978-இல் முதல் விருதை வாங்கிய பாப் ஹார்னர், அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்திலிருந்து நேராக மேஜர் லீகுக்குப் போய், அதே வருடம் அதன் இரண்டு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகின் சிறந்த புதுமுகம் ஆனவர். அதைப் பார்த்துப் பார்த்தே விருது என்றால் ஜோசியம் என்று நினைத்துவிட்டோம் போல. 2020-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கொரோனாவால் மார்ச் மாதத்திலேயே பருவம் நின்றுபோனது, அந்த வருடம் கோல்டன் ஸ்பைக்ஸ் யாருக்கும் இல்லை. எதிர்காலத்தைக் கணிப்பதுதான் நோக்கம் என்றால் அப்போதும் ஒருவருக்குக் கொடுத்திருக்கலாமே, திறமைசாலிகள் எங்கும் போய்விடவில்லையே!

அடுத்த வருடம் வாங்கியவர் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தின் கெவின் காப்ஸ். உங்கள் கட்டுரையில் இவருக்குக் கிடைத்தது ஒரு வரி. முழங்கையில் தசைநாரைச் சரிசெய்யும் டாமி ஜான் அறுவை சிகிச்சை செய்து மீண்டு வந்து, கல்லூரியில் ஆறாவது வருடம் ஆடிக்கொண்டிருந்தவர், முதலில் இறங்கும் பிட்சர் (பந்து வீசுபவர்)கூட இல்லை, ஆட்டம் கையை விட்டுப் போகும்போது கூப்பிடப்படும் ஆள். அந்தப் பருவத்தில் 12 வெற்றி, 11 சேவ் (முன்னிலையைக் கடைசிவரை காப்பாற்றிக் கொடுத்த ஆட்டங்கள்), 131 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் ஆட்டமிழக்கச் செய்தது). ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் கணக்கில் ஏறிய ரன் சராசரி 0.90, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு ஒரு ரன்கூட இல்லை. கடைசியில், கல்லூரிகளின் இறுதிச் சுற்று நடக்கும் ஓமஹா நகருக்குப் போவது யார் என்று முடிவாகும் ஆட்டத்தில், நார்த் கரோலினா ஸ்டேட்டுக்கு எதிராக, அந்தப் பருவத்திலேயே முதல் தடவையாக அவரை ஆரம்பத்திலிருந்தே போட வைத்தார்கள். எட்டு இன்னிங்ஸ் தாண்டியும் போட்டார். ஒன்பதாவதில் ஒரு ஹோம் ரன், 3-2 என்று தோல்வி, நாட்டிலேயே முதலிடத் தரவரிசையோடு வந்த அணி வீட்டுக்குப் போனது. அதற்கு அப்புறமும் விருது அவருக்குத்தான் வந்தது. மேஜர் லீக் அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் அவரை மூன்றாவது சுற்றில்தான் எடுத்தார்கள் என்பதால் அந்த வசந்தகாலம் நடக்காமல் போய்விடுமா?

2023-இல் எல்எஸ்யூவின் (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) டிலன் க்ரூஸுக்குக் கோல்டன் ஸ்பைக்ஸ், அதே அணியின் பிட்சர் பால் ஸ்கீன்ஸுக்கு, சிறந்த கல்லூரி வீரருக்கான இன்னொரு விருதான டிக் ஹவுசர் கோப்பை. டிராஃப்டில் ஸ்கீன்ஸ் முதலாவதாகவும் க்ரூஸ் இரண்டாவதாகவும் போனார்கள், ஒரே கல்லூரியிலிருந்து அப்படிப் போனது அதுவே முதல் தடவை. உங்கள் கட்டுரை இதோடு நிறுத்திக்கொண்டது. அந்த ஒரு பருவத்தில் ஸ்கீன்ஸ் 209 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்தார் என்பதும், அந்த அணி ஓமஹாவில் பட்டம் வென்றது என்பதும் வரவே இல்லை. விருதுக்குக் காரணமே அதுதானே, அதைச் சொல்ல இடமில்லையா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கல்லூரிகளில் சிறந்த ஷார்ட்ஸ்டாப்புக்கு (இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்) தரும் விருது ப்ரூக்ஸ் வாலஸ் பெயரில் இருக்கிறது. டெக்சஸ் டெக் கல்லூரியில் ஆடியவர், பிறகு அங்கேயே துணைப் பயிற்சியாளராக இருந்தவர், 27 வயதில் ரத்தப் புற்றுநோயால் இறந்துபோனார். மேஜர் லீகில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. உங்கள் கட்டுரையின் அளவுகோலை வைத்துப் பார்த்தால் அவர் பெயரே எங்கும் இருக்கக் கூடாது, சரிதானே? ஆனால் அவரோடு ஆடியவர்களும் அவரிடம் பயின்றவர்களும் மறக்கவில்லை, ஒவ்வொரு வருடமும் யாரோ ஒரு இளைஞன் அந்தப் பெயரைத் தாங்கிய கோப்பையை வாங்குகிறான்.

அடுத்த ஜூனில் விருதுகள் அறிவிக்கும்போது தயவுசெய்து அந்தப் பையன்கள் பிப்ரவரியிலிருந்து என்ன ஆடினார்கள் என்று எழுதுங்கள். டிராஃப்ட் செய்தி ஜூலையில் தனியாக வரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்