குழு அறிவிப்பு: கட்சி பேசலாம், ஆளைத் திட்ட வேண்டாம்

எல்லாருக்கும் வணக்கம். ஒகேனக்கல் குடிநீர் நாளைக்கு எப்போது விடுவார்கள் என்று நேற்று ராத்திரி ஒரு அக்கா கேட்டிருந்தார், அதற்குப் பதில் சொல்ல ஆளில்லை, உபி, சங்கி, தற்குறி, கொத்தடிமை என்று கட்சிக்காரர்களைத் திட்டும் பட்டப்பெயர்களாக மாறி மாறி வந்து விழுந்ததில் அவர் கேள்வியே மேலே போய்விட்டது. (காலை ஆறு மணிக்கு அக்கா.)

அரசியலே பேசாதீர்கள் என்று சொல்லவில்லை. மாங்காய்க்கு விலை இல்லாமல் போனதற்கு யார் காரணம் என்று தாராளமாக மோதுங்கள், அது நம் பிழைப்பு. ஆனால் எதிரில் இருப்பவர் நாளைக்கு நம்ம கிருஷ்ணகிரி பழையபேட்டையில் நேருக்கு நேர் வருவார் என்பது ஞாபகம் இருக்கட்டும்.

நம்ம தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி 1953-இல் கொண்டுவந்த, பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பா தொழில் என்ற கல்வித் திட்டத்தைப் பெரியார் குலக்கல்வி என்று சொல்லி விடாமல் எதிர்த்தார். சூடான பேர்தான், இருந்தாலும் திட்டத்துக்கு வைத்த பேர். அதே பெரியார் 1972 டிசம்பரில் ராஜாஜி இறந்தபோது, தள்ளாத வயதில், சக்கர நாற்காலியில் சுடுகாடு வரைக்கும் வந்து அழுதார்.

சரி, இனிமேல் பட்டப்பெயர், குடும்பத்தை இழுப்பது, சாதி சொல்லிக் குத்துவது எது வந்தாலும் அட்மின் டெலிட் செய்வோம், ஸ்டிக்கரும் வாய்ஸ் மெசேஜும் இதில் சேர்த்திதான். மறுபடியும் போட்டால் ஒரு வாரம் வெளியே. எந்தக் கட்சியானாலும் இதுதான், என் சித்தப்பா உட்பட. டெலிட் ஆனவர்கள் ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் போட்டுக் கேட்க வேண்டாம், காலையில் பேசுவோம்.