உம்மணாமூஞ்சிகள் சார்பில் ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் 'சரக்கு விமானத்தில் ஒரு சாகசம்' கட்டுரையைப் படித்தேன். உங்கள் செய்தியாளர் நிக்கோபார் தீவுகளில் ஒன்றான கார் நிக்கோபாரிலிருந்து அந்தமானின் போர்ட் பிளேருக்கு விமானப்படையின் ஏஎன்-32 விமானத்தில் வந்த கதை. (இப்போது போர்ட் பிளேரை ஸ்ரீ விஜயபுரம் என்கிறார்கள். எனக்கு இன்னும் வாயில் வரவில்லை.) விமானம் மேலேறும்போது வயிறு கலங்கியதாம். பின்பக்கக் கதவு மெல்ல மூடிக்கொண்டபோது சினிமாவுக்குள் போய்விட்டது போல இருந்ததாம். காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சு கொடுத்தார்களாம், அதுதான் அங்கே பிசினஸ் கிளாஸ் உபசாரமாம். சிரித்துக்கொண்டேதான் படித்தேன். சின்ன வயது, முதல் அனுபவம், எழுத்தும் நன்றாக வருகிறது. அதைக் குறை சொல்ல நான் யார்?

இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி வருகிறது. "எதிர் வரிசையில் இருந்த தீவுக்காரர்கள் மட்டும் உம்மணாமூஞ்சிகளாக உட்கார்ந்திருந்தார்கள். இப்படி ஒரு த்ரில் இலவசமாகக் கிடைப்பதன் அருமை அவர்களுக்குத் தெரியவில்லை." அத்தோடு சிரிப்பு நின்றுவிட்டது.

ஏன் அப்படி உட்கார்ந்திருந்தார்கள் என்று அவர்களிடமே கேட்டிருக்கலாம். எதிரில்தானே இருந்தார்கள், கையை நீட்டினால் தொடுகிற தூரம். அவர் கேட்கவில்லை, நீங்களும் அவரிடம் கேட்கவில்லை, அச்சாகிவிட்டது. சரி, நான் சொல்கிறேன். கார் நிக்கோபாருக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறுகிற பயணிகள் விமானம் கிடையாது. கப்பல் உண்டு, அது வருகிற நாளில். ஹெலிகாப்டர் உண்டு, அதில் இடம் கிடைத்தால். இரண்டும் இல்லாதபோது விமானப்படை மனது வைத்து ஏற்றிக்கொண்டால் அந்த விமானம். அப்படி ஏறுகிறவர் பெரும்பாலும் போர்ட் பிளேரில் இருக்கிற ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குப் போகிற நோயாளியாக இருப்பார், இல்லை அவர் கூடப் போகிறவராக இருப்பார், இல்லை யாராவது இறந்த செய்தி வந்து கிளம்பினவராக இருப்பார். அவர்கள் முகம் எப்படி இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தீர்கள்?

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். என் கணவருக்கு அங்கே அரசு வேலை. கடலோரக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணிக்குப் பூமி ஆடியது. அதற்கப்புறம் கடல் வந்தது. அந்தத் தீவின் கதையைத் தனியாகத்தான் எழுத வேண்டும், இங்கே வேண்டாம். விமானப்படைத் தளமே சிதைந்து, படைவீரர்களும் அவர்கள் குடும்பத்தாருமாக நூறு பேருக்கு மேல் போய்விட்டார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன். தங்கள் வீடே போன நிலையில், ஓடுபாதையில் மிஞ்சியிருந்த பகுதியில் விமானப்படையினர் விமானத்தை இறக்கினார்கள். வருகிற விமானத்தில் தண்ணீரும் அரிசியும். திரும்புகிற விமானத்தில் நாங்கள். அடிபட்டவர்கள், பெண்கள், குழந்தைகள் முதலில் என்றார்கள். ஆண்களைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள்.

உங்கள் செய்தியாளருக்கு சினிமா மாதிரி இருந்த அதே பின்பக்கக் கதவு வழியாகத்தான் நானும் இரண்டு பிள்ளைகளோடு ஏறினேன். அது மூடியபோது என் கணவர் வெளியே நின்றிருந்தார். அவர் எப்போது வருவார் என்று யாரிடமும் கேட்க முடியவில்லை. கேட்டிருந்தாலும் அந்த இரைச்சலில் பதில் காதில் விழுந்திருக்காது. சுவரோரமாக இருந்த இருக்கைகளில் அடிபட்டவர்கள். மற்றவர்கள் தரையில், சரக்கு கட்டுகிற பட்டையைப் பிடித்துக்கொண்டு. மண்ணெண்ணெய் வாடை. ஈர உடை. பக்கத்தில் ஒரு நிக்கோபாரிப் பாட்டி கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் சொல்லிக்கொண்டே வந்தார். எங்களுக்குக் காதுக்குப் பஞ்சு தரவில்லை, ஆசிரியர் அவர்களே. காயத்துக்கே பஞ்சு போதவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் சின்னவனுக்கு அப்போது நாலு வயது. விமானம் தரையை விட்டு எழும்பியதும் அவன் கை தட்டினான். வட்டமான சின்ன ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டும் என்று அடம் பிடித்தான். யாரும் அவனை அதட்டவில்லை. அடிபட்டுக் கிடந்த ஒருவர் சிரிக்கக்கூட செய்தார். ஆக, சரக்கு விமானம் ஒரு குதூகலம் என்பது புரியாத ஆள் இல்லை நான். நாலு வயதில் அப்படித்தான் இருக்கும். உங்கள் செய்தியாளருக்கு வயது கொஞ்சம் கூட இருக்கும் என்று நினைக்கிறேன்.

அப்புறம் 'இலவசம்' என்று எழுதியிருக்கிறாரே, அதைப் பற்றி. நிவாரணத்துக்காக அலைந்த நாட்களில் ஓர் அலுவலகத்தில் என்னிடம் கேட்ட கேள்வி: "தீவிலிருந்து வந்ததற்கு டிக்கெட் நகல் எங்கே?" சரக்கு விமானம் சார், டிக்கெட் கிடையாது, ஒரு நோட்டில் பெயர் எழுதிக்கொண்டார்கள் என்றேன். "டிக்கெட் இல்லாமல் எப்படி விமானத்தில் ஏற்றுவார்கள்?" என்று அந்த அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் பொய் சொல்கிறேன் என்று முடிவு கட்டிவிட்டார். அந்த விமானம் கொண்டுவந்து இறக்கிய அரிசி மூட்டைக்குக் கணக்கு இருந்திருக்கும், எனக்கு இல்லை. இலவசப் பயணத்தின் அருமை அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

உங்கள் பத்திரிகையை எத்தனை வருடமாகப் படிக்கிறேன் என்று சொல்லப் போவதில்லை, அது உங்களுக்கே தெரியும். ஒவ்வொரு டிசம்பரிலும் சுனாமி நினைவுக் கட்டுரை போடுகிறீர்கள். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, கடலூர். போட வேண்டியதுதான், அங்கே போன உயிர்கள் கொஞ்சமா? ஆனால் நிக்கோபார் என்று ஒரு வரி வந்து நான் பார்த்ததில்லை. இத்தனை காலம் கழித்து இப்போதுதான் அந்தத் தீவு உங்கள் பக்கங்களில் வந்திருக்கிறது. எப்படி வந்திருக்கிறது பாருங்கள்.

இதையும் கேட்டுவிடுகிறேன். 2016 ஜூலை 22 அன்று காலை தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏஎன்-32, 29 பேரோடு வங்கக் கடலுக்கு மேலே காணாமல் போனது. அதில் படைவீரர்கள் மட்டுமா இருந்தார்கள்? விசாகப்பட்டினத்துக் கடற்படைக் கிடங்கில் வேலை பார்த்த சாதாரண ஊழியர்களும் இருந்தார்கள். அப்போது வாராவாரம் 'மர்மம்' என்று அட்டையில் போட்டீர்கள். பெர்முடா முக்கோணம்வரை இழுத்தீர்கள். ஏழரை வருடம் கழித்து, 2024 ஜனவரியில் விடை வந்தது. நம் பள்ளிக்கரணையில் இருக்கிற தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லாக் கருவி 3,400 மீட்டர் ஆழத்தில் எடுத்த படங்களில் தெரிவது அந்த விமானத்தின் பாகங்கள்தான் என்று அரசு அறிவித்தது. அதற்கு நீங்கள் ஒதுக்கிய இடம் ராசிபலனுக்குக் கீழே நான்கு வரி. மர்மம் தீர்ந்துவிட்டால் செய்தி இல்லை போலிருக்கிறது.

படைவிமானத்தில் பொதுமக்கள் ஏறுவது எப்போது என்று உங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. 2015இல் ஏமனில் குண்டு விழுந்தபோது ஆப்பிரிக்காவின் ஜிபூட்டிவரை தப்பி வந்த நம் நர்சுகள் விமானப்படையின் சி-17 சரக்கு விமானத்தில்தான் ஊர் திரும்பினார்கள். 2021 ஆகஸ்டில் காபூலிலிருந்து அமெரிக்க சி-17 ஒன்று 823 பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. உள்ளே தரை தெரியாமல் மனிதர்கள் உட்கார்ந்திருந்த அந்தப் படத்தை நீங்களும் நடுப்பக்கத்தில் போட்டீர்கள். அதற்கு 'சாகசம்' என்று தலைப்பு வைக்கவில்லையே? அவர்களும் த்ரில் தேடி ஏறியவர்கள் இல்லை. உங்கள் செய்தியாளர் அங்கே இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பாரோ.

விமானப்படை பத்திரிகைக்காரர்களைக் கூட்டிப்போனதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறவள் நான். இந்த வருத்தம் முழுக்க உங்கள் மேல்தான்.

கேட்பது அதிகமில்லை. முதலாவது, 'நாங்கள் பறந்த ஏஎன்-32' என்று போட்டிருக்கிற படத்தில் இருப்பது சி-130 ஹெர்குலிஸ். ஏஎன்-32க்கு இரண்டே என்ஜின்தான், அவையும் இறக்கைக்கு மேலே தூக்கி வைத்தது போல இருக்கும். உங்கள் படத்தில் நான்கு இருக்கிறது. பறந்து வந்தவரே இதைக் கவனிக்காதது ஆச்சரியம்தான், த்ரில் அதிகமாகிவிட்டது போலிருக்கிறது. அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள், சின்ன எழுத்தில் போட்டாலும் பரவாயில்லை. இரண்டாவது, இணையப் பதிப்பிலிருந்தாவது அந்த உம்மணாமூஞ்சி வரியை எடுத்துவிடுங்கள்.

இடம் கருதி இந்தக் கடிதத்தைச் சுருக்கித்தான் போடுவீர்கள், எப்போதும் அப்படித்தானே. என்ஜின் கணக்கை வெட்டினாலும் சரி. டிக்கெட் கேட்ட அந்த அதிகாரியை மட்டும் விட்டுவிட வேண்டாம்.

இப்படிக்கு,
கார் நிக்கோபாரில் குடியிருந்த ஒரு வாசகி