மெல்பர்னில் இருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. வாய்தான் கட்டுக்குள் இல்லை, காலையில் எழுந்ததும் ரொட்டி சானாய் கேட்கிறார். தைப்பிங் சித்தியின் விவகாரம் அப்படியேதான் கிடக்கிறது, அதை விடு. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

பக்கத்து வீட்டுப் பெண் தன் மகனுக்குச் சோறு ஊட்டக் கைப்பேசியில் செசமி ஸ்ட்ரீட் படங்களைப் போடுகிறாள், நீ சின்னதில் டிவியில் பார்த்த பழைய சிறுவர் நிகழ்ச்சிதான். பின்பால் விளையாட்டில் பந்து ஓட ஓட எண்களைப் பாடுவார்களே, அந்தப் பாட்டு சுவரைத் தாண்டி வந்ததும் ஆய்ந்துகொண்டிருந்த கீரையை அப்படியே போட்டுவிட்டுப் போய் நின்றேன். பாயிண்டர் சிஸ்டர்ஸ் என்ற சகோதரிகள் பாடியதாம். நீ பன்னிரண்டை மட்டும் மூச்சு முட்ட இழுப்பாய். தமிழ்ப்பள்ளியில் சேர்க்கும் முன்பே ஆங்கிலத்தில் எண்ணத் தெரிந்த பிள்ளை என்று டீச்சர் உன்னைப் பக்கத்து வகுப்புக்கெல்லாம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

அந்தப் பெண் சொல்லித்தான் தெரியும், இரண்டிலிருந்து பன்னிரண்டு வரைதான் அந்தப் படத்தைச் செய்தார்களாம். ஒன்றுக்குச் செய்யவே இல்லையாம். 'ஒன்று எப்போது வரும் அம்மா?' என்று நீ தினமும் கேட்பாய், 'நாளைக்கு வரும்' என்று நானும் தினமும் சொல்வேன்.

கடைக்குப் போகும் சின்னப் பெண்ணின் படத்தையும் போட்டாள். எழுதித் தரட்டுமா என்று அம்மா கேட்டால் வேண்டாம் என்பாள். ரொட்டி, பால், வெண்ணெய் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போவாள். நீயும் புளி, பெருங்காயம், கடுகு என்று முனை மாமாக் கடை வரைக்கும் ஓதிக்கொண்டே போவாய். வரும்போது புளி இருக்கும், பெருங்காயம் இருக்கும். நாக்கு ஆரஞ்சு நிறத்தில் இருக்க, குச்சி ஐஸ் சட்டையில் சொட்டியிருக்க, 'கடுகு முடிந்துவிட்டதாம்' என்பாய். உனக்குப் பொய் சொல்ல வராது. அன்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை.

போன தடவை வீடியோவில் பேசியபோது உன் பின்னால் சுவரில் வெறும் ஆணி தெரிந்தது. சாயம் அடிக்கப்போகிறீர்களோ என்னவோ. மருமகளுக்கு வேலை என்றாய். ஞாயிற்றுக்கிழமை ராத்திரியில் என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். சாப்பாட்டை மட்டும் தள்ளிப்போடாதே, வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே.

அப்பா ஆணியைப் பார்க்கவில்லை, கண் மங்கல். நானும் சொல்லவில்லை. அவருக்குச் செசமி ஸ்ட்ரீட் எல்லாம் அன்றைக்கே ஆகாது. ஹிகாயாத் சங் கஞ்சில், அந்தச் சருகுமான் படம்தான் அவருக்கு. 1983-இல் வந்தது, நம் மலேசியாவின் முதல் கார்ட்டூன் குறும்படம், அரசாங்கப் படநிறுவனம் ஃபிலெம் நெகாரா எடுத்தது. 'படம் செய்தவர் ஆனந்தம் சேவியர், பெயரைப் பார்த்தாயா?' என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் கேட்பார், என்னவோ தானே கூட உட்கார்ந்து வரைந்ததுபோல. இப்போது பக்கத்து வீட்டுப் பையனிடமும் அதே கேள்வி. சருகுமான் முதலைகளை வரிசையாக நிறுத்தி, எண்ணுவதாகச் சொல்லி ஆற்றைத் தாண்டும் கதையையும் சொல்கிறார், ஒவ்வொரு முதலைக்கும் நாற்காலிக் கையில் ஒரு தட்டு. சொல்லி முடித்ததும் என் பக்கம் திரும்பி, 'தம்பி கூப்பிட்டானா?' என்கிறார். நான் என்ன சொல்வது?

தைப்பூசத்துக்கு வருகிறேன் என்றாய். அப்புறம் வேலை அதிகம் என்றாய். ஊரில் எல்லாப் பிள்ளைகளும்தான் வேலை பார்க்கிறார்கள், அவர்களும் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வரத்தான் செய்கிறார்கள். உன் அளவுக்குப் படித்தவன் நம் குடும்பத்தில் இல்லை என்று நான்தான் எல்லோரிடமும் சொல்கிறேன், நினைவிருக்கட்டும். அப்பாவால் இனிப் படி ஏற முடியாது. நீ வந்தால் கீழேயே நின்று கும்பிட்டுவிட்டு வரலாம். எத்தனை பேர் வந்தாலும் சரி, நீ மட்டும் வந்தாலும் சரி. உன் அறையைச் சுத்தம் செய்துவைத்திருக்கிறேன். ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள், சித்தி உட்பட.

வெள்ளிக்கிழமை மீன்குழம்புத் தூள் அரைக்கக் கொடுக்கிறேன். மருமகளுக்கென்று காரம் குறைத்துத் தனிப் பையில் கட்டுவேனே, இந்தத் தடவையும் கட்டட்டுமா? வியாழனுக்குள் சொன்னால்தான் மிளகாய் நிறுக்க முடியும்.

சாப்பிடு.

அம்மா