இனி யாரும் பஸ் ஏற வேண்டாமாம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வீடியோ மருத்துவம் பற்றி வந்த கட்டுரையில், "ரத்தப் பரிசோதனை முடிவைக் காட்ட இனி யாரும் பஸ் ஏற வேண்டியதில்லை" என்று ஒரு வரி. படித்துக் காட்டியதும் என் மனைவி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுதியவர் எங்கள் ஒடுகத்தூரிலிருந்து வேலூருக்கு எத்தனை முறை பஸ் ஏறியிருப்பார் என்று கேட்க மாட்டேன். அந்தப் பஸ்ஸைப் பற்றி நான் அனுப்பிய இரண்டு கடிதங்களையும் நீங்கள் போடவில்லை, அது வேறு கதை.

அவளுக்குத் தைராய்டு. தினம் 50 மைக்ரோகிராம் மாத்திரை. ரத்தத்தில் டிஎஸ்எச் என்று ஒன்று பார்ப்பார்கள், மருந்து போதாவிட்டால் ஏறும், மிஞ்சினால் இறங்கும். போன வருடம் அது 9.2 என்று வந்தது. லேப் தாளை மருமகள் போட்டோ எடுத்து அனுப்பினாள். ஜவ்வாது மலை அடிவாரத்தில் சிக்னலின் லட்சணம் உங்களுக்குத் தெரியாததா? மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி நின்றால்தான் படம் நகரும். வீடியோவில் டாக்டர் பார்ப்பார் என்று நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள், பாவம். அவருக்குத் தெரிந்ததெல்லாம் இவள் நெற்றியும் தொட்டியும்தான். நாலு நிமிடம். "75 ஆக்கிக்கோங்க, ரெண்டு மாசம் கழிச்சு டெஸ்ட் எடுங்க." அவ்வளவுதான்.

மாத்திரையை எப்படிப் போடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. அதைக் கேட்டவன் எங்கள் மருந்துக்கடைப் பையன். 75ஐ எடுத்து வைத்தவன், கூடவே வழக்கமாக வாங்கும் கால்சியத்தையும் இரும்புச்சத்து மாத்திரையையும் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் ஒண்ணாவா போடுறீங்க ஆயா?" என்றான். ஆமாம், காலையில் ஒரே மடக்கில். சத்து மாத்திரை தைராய்டு மருந்தை உடம்பில் சேரவிடாதாம், நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டுமாம். சரி என்று பிரித்துப் போட்டாள். மருந்து முழுதாகச் சேர ஆரம்பித்தது, அளவோ ஏற்றிய 75லேயே நின்றது. அப்புறம் படபடப்பு, ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. டெஸ்ட் எடுத்தால் 0.1.

கடைசியில் பஸ் ஏறித்தான் போனோம். நேரில் பார்த்தவர் கையை நீட்டச் சொல்லி, விரல்கள்மேல் ஒரு வெற்றுத்தாளை வைத்தார். தாள் நடுங்கியது. பழைய 50க்கே இறக்கினார்.

வீடியோவே கூடாது என்று சொல்லவில்லை. வைத்தியத்துக்காகக் கல்கத்தாவிலிருந்து வேலூருக்கு வந்து காந்தி ரோட்டு லாட்ஜில் நாள்கணக்கில் கிடக்கிறவர்களுக்கு அது வரம்தான். ஆனால் 2019ல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோதும் எல்லாம் பக்கத்தில் வந்துவிடும் என்றுதான் சொன்னார்கள். ராணிப்பேட்டைக்கும் திருப்பத்தூருக்கும் கலெக்டர் வந்தார், எங்களுக்கு அதே பஸ். பீஞ்சமந்தை மலைக்காரர்களைக் கேட்டால் இன்னும் நன்றாகச் சொல்வார்கள். அவர்களுக்கு நாங்களே டவுன்.

2020 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட டெலிமெடிசின் வழிகாட்டியில், டாக்டர் தன் பதிவு எண்ணைச் சீட்டில் காட்ட வேண்டும், நோயாளி எந்த நேரத்திலும் வீடியோவை நிறுத்திக்கொள்ளலாம் என்றெல்லாம் இருக்கிறது. இரண்டு பக்கக் கட்டுரையில் இதற்கு இடமில்லை. ஹெட்போன் மாட்டிச் சிரிக்கும் டாக்டர் படத்துக்கு அரைப் பக்கம் இருந்தது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் ஒரு கட்டம் கட்டி, வீடியோவில் பேசும்போது சத்து மாத்திரை உட்பட சாப்பிடும் எல்லா அட்டைகளையும் எடுத்து வைத்துக்கொண்டு, டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள் என்று போடுங்கள். கொஞ்சம் பெரிய எழுத்தில்.

இப்படிக்கு,
சந்தாவை இன்னும் நிறுத்தாத வாசகன்,
ஒடுகத்தூர், வேலூர் மாவட்டம்